பழைய லேத்தை வீட்டில் நிறுத்தி நேராகக் கடைய வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில், முன்பு தேங்காய் போட்டு வைத்த அறையில், நாலரை அடி லேத் (இரும்பைச் சுழல விட்டுக் கடையும் மெஷின்) ஒன்று நிற்கிறது. கோவை கணபதி பக்கம் மூடிப்போன ஒரு சின்னப் பட்டறையிலிருந்து வாங்கியது. சித்தூர் தாலுக்காவில் எங்களைப் போல வீட்டில் தமிழும் ஆபீசில் மலையாளமும் பேசுகிறவர்கள் நிறைய. வேலந்தாவளம் தாண்டினால் கோவை மாவட்டம். 1930களில் பைகாரா மின்சாரம் வந்ததிலிருந்து மில், பம்ப்செட், மோட்டார், வார்ப்படம் என்று வளர்ந்த ஊர் கோவை. அதனால் பழைய மெஷினுக்கு நம் பக்கம் பஞ்சமே இல்லை.

பஞ்சம் வேறு இடத்தில். மெஷினை வாங்கி வீட்டில் இறக்கியவர்களில் பலர் ஒரு மாதத்தில் மனம் விட்டுப் போகிறார்கள். "கடைந்தால் ஒரு முனை தடியாக வருகிறது, லேத் தேய்ந்துபோனது" என்று மூடி வைத்துவிடுகிறார்கள். நான் போய்ப் பார்த்த வரையில், பெரும்பாலும் மெஷின் மேல் தப்பில்லை. அதை உட்கார வைத்த விதத்தில்தான் கோளாறு. அதனால் இந்த வழிகாட்டியில் வாங்குவது, ஏற்றுவது, கரண்ட் கொடுப்பது எல்லாம் வரும். ஆனால் அதிக நேரம் நிற்கப்போவது பெட்டை (மற்ற பாகங்கள் உட்காரும் நீளமான அடிப்பகுதி) நேராக்கும் இடத்தில்.

வாங்கும்போது எதைத் தொட்டுப் பார்ப்பது

எனக்குத் தொழில் சொல்லித் தந்தவர் நாற்பது வருடம் டர்னராக இருந்த பெரியவர். அவர் சொன்ன முதல் வார்த்தை: "தம்பி, பெயிண்டைப் பாக்காதீங்க, பெட்டைத் தொட்டுப் பாருங்க." புதுப் பச்சை பெயிண்ட் அடித்த பழைய லேத்தைக் கண்டால் இன்றைக்கும் நான் எண்ணெய்த் துளைகளைத்தான் முதலில் தேடுவேன். விற்பதற்காக அடித்த பெயிண்ட் அந்தத் துளைகளை அடைத்திருந்தால், அந்த மெஷின் எண்ணெய் குடித்து எவ்வளவு காலமாகிறது என்று யாருக்கும் தெரியாது.

லேத்தின் பெட் அதிகம் தேய்வது சக்குக்கு (ராடைக் கவ்விப் பிடித்துச் சுழலும் பாகம்) முன்னால் உள்ள முதல் ஓர் அடியில். வேலை முழுக்க அங்கேதான் நடக்கிறது. சோதனை எளிது. சாடிலை (வெட்டும் டூலைச் சுமந்து பெட் மேல் ஓடும் பாகம்) சக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, கை வீலைச் சுற்றினால் லேசாக இழுக்கிற அளவுக்கு சாடில் லாக்கை இறுக்குங்கள். அப்படியே டெயில்ஸ்டாக் (எதிர் முனையில் ராடுக்கு முட்டுக் கொடுக்கும் பாகம்) பக்கம் ஓட்டிப் பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாக இறுகினால் தேய்மானம் உண்டு. பாதி வழியிலேயே நகராமல் நின்றுவிட்டால் அந்த மெஷினை விட்டுவிடுங்கள். பெட்டை மறுபடி கிரைண்டிங் போடும் செலவு வீட்டுப் பட்டறைக்குக் கட்டுப்படியாகாது.

அடுத்து ஸ்பிண்டில், அதாவது சக்கைச் சுழற்றும் தண்டு. சக்கில் ஒரு கனமான ராடைப் பிடித்து, ஸ்பிண்டில் மூக்கின் மேல் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளில் காட்டும் கருவி) வைத்து, ராடைக் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். முள் 0.02, 0.03 மி.மீ. அசைந்தால் கவலை வேண்டாம். 0.05க்கு மேல் போனால் பேரிங்கை இறுக்க வழியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். த்ரீ ஜா (மூன்று தாடை) சக்கில் பிடித்த ராடு 0.1 மி.மீ. ஆடுவதைப் பார்த்து மட்டும் பயப்படாதீர்கள். பழைய த்ரீ ஜா அப்படித்தான் இருக்கும். அது சக்கின் குறை, லேத்தின் குறை இல்லை.

டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் கைப்பிடி கால் மி.மீ. வரை சும்மா சுற்றினாலும் பரவாயில்லை. இந்தத் தளர்வை (பேக்லாஷ்) தெரிந்து வேலை செய்யப் பழகிவிடலாம். மரை வெட்ட மாற்றி மாட்டும் கியர்களை மட்டும் எண்ணி வாங்குங்கள், ஏனென்றால் பின்னால் தனித்தனியாகத் தேடி அலைய வேண்டிவரும். லீட் ஸ்க்ரூ (மரை வெட்டும்போது சாடிலை ஓட்டும் நீளத் திருகு) இஞ்ச் கணக்கில் இருந்தால் 127 பல் கியர் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு இஞ்ச் என்பது 25.4 மி.மீ.; அதை ஐந்தால் பெருக்கினால் 127. அந்த ஒரு கியர் இருந்தால் இஞ்ச் ஸ்க்ரூவிலேயே மில்லிமீட்டர் மரையை மிகச் சரியாக வெட்டலாம். இவ்வளவு சின்னக் கணக்கு இரண்டு அளவு முறைகளையும் சேர்த்து வைப்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருக்கிறது.

ஏற்றி இறக்குவது

பில் வாங்காமல் வண்டி ஏற்றாதீர்கள். பில் தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில்லும் (சரக்கு எடுத்துப்போக ஜி.எஸ்.டி. தளத்தில் எடுக்கும் சீட்டு) வேண்டும். வாளையார் வழியானாலும் வேலந்தாவளம் வழியானாலும் இது பொருந்தும். கேரளப் பக்கம் இறக்குகிறீர்கள் என்றால் சுமட்டுத் (சுமை தூக்கும்) தொழிலாளர்களிடம் முன்கூட்டியே பேசி, கூலியை முடிவு செய்துகொள்ளுங்கள். கனமான பொருளை இறக்கிப் பழகிய நான்கு பேர் கூட இருப்பது நமக்கும் பாதுகாப்பு.

லேத் தலை கனத்த பொருள். ஹெட்ஸ்டாக் (ஸ்பிண்டில் உள்ள தலைப்பகுதி) பக்கமே பாதிக்கு மேல் எடை. சக்கையும் டெயில்ஸ்டாக்கையும் கழற்றித் தனியாக வையுங்கள். சாடிலை டெயில்ஸ்டாக் முனைக்கு ஓட்டி லாக் செய்தால் தூக்கும்போது ஓரளவு சமநிலை கிடைக்கும். பெல்ட்டைப் பெட்டின் அடியில் கொடுத்துத் தூக்க வேண்டும். லீட் ஸ்க்ரூவிலோ ஸ்பிண்டிலிலோ பெல்ட் படவே கூடாது. வளைந்த லீட் ஸ்க்ரூவை நேராக்கித் தருகிறவர் அரிது. தரையில் நகர்த்த ஒரு இஞ்ச் ஜி.ஐ. பைப் நான்கு துண்டும் ஒரு கடப்பாரையும் போதும். பைப்புக்கும் தரைக்கும் நடுவில் விரல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறையும் தரையும்

கீழே வெற்றிடம் விட்டு ஒட்டிய டைல்ஸ் மேல் நிறுத்தாதீர்கள். நாலு இஞ்ச்சாவது கான்கிரீட் போட்ட தரை வேண்டும். பழைய வீட்டுச் சிவப்புக் காவித் தரை என்றால், கால்கள் வரும் இடத்தை மட்டும் உடைத்து கான்கிரீட் போட்டு, மூன்று வாரம் நன்றாக நனைத்து ஆறவிட்டு நிறுத்துங்கள். அதே அறையில் இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கக் கூடாது. டாய்லெட் கழுவும் ஆசிட் பாட்டிலும் கூடாது. இரண்டின் ஆவியும் ஒரே வாரத்தில் பெட்டைப் பழுப்பாக்கிவிடும்.

கரண்ட்

பட்டறையில் ஓடிய லேத் என்றால் த்ரீ ஃபேஸ் மோட்டார்தான் இருக்கும். வீட்டில் சிங்கிள் ஃபேஸ். இரண்டு வழி உண்டு. ஒன்று, மோட்டாரையே ஒரு எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டாராக மாற்றுவது. இன்னொன்று, வி.எஃப்.டி. (கரண்டின் ஹெர்ட்ஸை மாற்றி மோட்டார் வேகத்தை மாற்றும் பெட்டி) வைப்பது. எனக்குப் பிடித்தது இரண்டாவது. வேகத்தைத் திருகியால் கூட்டிக் குறைக்கலாம். ஆரம்ப இழுப்பும் மெதுவாக வருவதால் வீட்டில் லைட் மங்காது.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சிங்கிள் ஃபேஸ் வாங்கி த்ரீ ஃபேஸ் கொடுக்கும் சின்ன வி.எஃப்.டி. 230 வோல்ட்தான் வெளியே தரும். உங்கள் மோட்டார் 415 வோல்ட்டுக்கு ஸ்டார் இணைப்பில் (மூன்று காயில்களின் ஒரு முனை ஒரே முடிச்சில் சேர்வது) இருக்கும். டெர்மினல் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஆறு வயர் வெளியே வந்திருந்தால் டெல்டாவாக (காயில்களை முக்கோணமாக இணைப்பது) மாற்றிவிடலாம். 415ஐ 1.732ஆல் வகுத்தால் 240. டெல்டாவில் அந்த மோட்டாருக்கு அவ்வளவு வோல்ட்தான் தேவை. மூன்று வயர் மட்டும் இருந்தால் ஸ்டார் முடிச்சு காயிலுக்குள்ளேயே போட்டிருக்கிறது. ரீவைண்டிங் கடையில் கொடுத்து வெளியே எடுக்கச் சொல்லலாம்.

வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவில் சுவிட்ச் வைக்கக் கூடாது. நிறுத்துவதும் ஓட்டுவதும் வி.எஃப்.டி. வழியாகவே இருக்க வேண்டும். 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே நெடுநேரம் ஓட்டினால் மோட்டாரின் விசிறி போதாமல் சூடேறும். உங்கள் சக் மரையில் திருகி மாட்டும் வகை என்றால், ரிவர்ஸும் சடாரென்று நிற்கும் பிரேக்கும் வேண்டவே வேண்டாம். ஓடுகிற வேகத்தில் சக் கழன்று வந்துவிடும்.

வி.எஃப்.டி. இல்லாமல் நேரடியாக ஓட்டுகிறவர்கள் நோ-வோல்ட் காயில் உள்ள ஸ்டார்ட்டர் (கரண்ட் போனால் விடுபட்டு, மறுபடி அழுத்தும் வரை ஓடாதது) வையுங்கள். நம் பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும். போன கரண்ட் வரும்போது மெஷின் தானாக ஓட ஆரம்பித்தால், அந்த நேரம் உங்கள் கை எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. எர்த்தும் வயரிங்கும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் கையால் நடக்கட்டும். காசு வாங்கி வெளிவேலை செய்யப்போகிறீர்கள் என்றால் வீட்டு இணைப்பில் ஓட்ட முடியாது, அதையும் மனதில் வையுங்கள்.

சுத்தம் செய்வது

மண்ணெண்ணெய், பிரஷ், பழைய பனியன் துணி. துரு இருக்கும் இடத்தில் எண்ணெய் விட்டு, பிளேடைப் படுக்க வைத்துச் சுரண்டுங்கள். பெட்டில் உப்புத்தாள் போடாதீர்கள். அதிலிருந்து உதிரும் மணல் இரும்பில் பதிந்து, பின்னால் சாடிலைத் தின்றுகொண்டே இருக்கும். காற்றுக் குழாயால் ஊதுவதும் அப்படித்தான், குப்பையை உள்ளே தள்ளும். அடைபட்ட எண்ணெய்த் துளைகளை மெல்லிய கம்பியால் குத்தித் திறந்து, 68 கிரேடு எண்ணெய் விடுங்கள். சாடிலும் ஸ்லைடும் அழுக்கெண்ணெய் கக்கி, நல்ல எண்ணெய் வெளியே வரும் வரை விட வேண்டும். தேங்காய் எண்ணெய் வீட்டில் கையருகே இருக்கிறது என்று அதை ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சில மாதத்தில் பிசினாகி ஸ்லைடைக் கட்டிப்போடும்.

பெட் முறுக்கு: நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை

இரும்பு வார்ப்படம் என்றால் கல் போல அசையாது என்று நினைக்கிறோம். நாலரை அடி நீளப் பெட், நான்கு மூலையில் இறுக்கியதும், ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி மிக லேசாக முறுக்கிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சாடில் அந்த முறுக்கின் மேல்தான் ஓடுகிறது. ஓட ஓட டூல் ஜாபை (கடையும் துண்டை) நெருங்கும், அல்லது விலகும். கடைந்த ராடு கூம்பாக வரும்.

என் லேத்தில் 150 மி.மீ. நீளத்துக்கு 0.06 மி.மீ. வித்தியாசம் வந்தது. இரண்டு வாரம் ஹெட்ஸ்டாக்கைச் சந்தேகப்பட்டேன். அதன் போல்ட்டுகளைத் தளர்த்தவும் தயாராகிவிட்டேன். பெரியவர் வந்து பார்த்துவிட்டு, "அதைத் தொடாதீங்க தம்பி. காலைப் பாருங்க" என்றார். நான் மெஷினை ரப்பர் துண்டுகள் மேல் நிறுத்தியிருந்தேன். ஒரு மூலையில் ரப்பர் அதிகம் நசுங்கியிருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

செய்முறை இது.

1. ரப்பரை எடுத்துவிட்டு இரும்புத் தகடுகள் மேல் நான்கு காலும் படும்படி நிறுத்துங்கள். ஹெட்ஸ்டாக் பக்கக் கால்களை இறுக்குங்கள். டெயில்ஸ்டாக் பக்கம் இப்போதைக்குத் தளர்வாகவே இருக்கட்டும்.

2. ரசமட்டத்தைப் பெட்டின் குறுக்கே, முதலில் சக் பக்கமும் பிறகு டெயில்ஸ்டாக் பக்கமும் வையுங்கள். குமிழி நடுவில் நிற்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கப்பலில்கூட லேத் ஓடுகிறது, அங்கே எது மட்டமாக இருக்கிறது? இரண்டு இடத்திலும் குமிழி ஒரே இடத்தில் நின்றால் போதும். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்துக்கு இந்த வேலைக்கான நுணுக்கம் கிடையாது. அதை வைத்து ஏறக்குறைய சரி செய்துகொள்ளலாம். தீர்ப்பு அடுத்த படியில்தான்.

3. சுமார் 40 மி.மீ. தடியுள்ள எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) ராடை, சக்குக்கு வெளியே 150லிருந்து 180 மி.மீ. நீட்டிப் பிடியுங்கள். டெயில்ஸ்டாக் முட்டுக் கொடுக்கக் கூடாது. நடுப்பகுதியைக் கொஞ்சம் ஆழமாகக் கடைந்துவிட்டு, இரண்டு முனையிலும் 15 மி.மீ. அகலத்துக்கு ஒரு வளையம் விடுங்கள்.

4. நன்றாகத் தீட்டிய எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலால், ஒரே டயல் அளவில், முதலில் வெளி வளையத்தையும் பிறகு சக் பக்க வளையத்தையும் கடையுங்கள். நடுவில் கிராஸ் ஸ்லைடைத் தொடவே கூடாது. கட் 0.05 மி.மீ.க்கு மேல் வேண்டாம்; ஆழமாகப் போனால் ராடே வளைந்து கொடுத்து, வெளி முனை பெரிதாக வந்து உங்களை ஏமாற்றும். டயலை மாற்றாமல் அதே ஓட்டத்தை இரண்டு முறை திரும்பவும் ஓட்டுங்கள்.

5. ராடு ஆறிய பிறகு மைக்ரோமீட்டரால் இரண்டு வளையத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

6. வெளி வளையம் பெரிதாக இருந்தால், அந்தப் பக்கம் போகப் போக டூல் ஜாபை விட்டு விலகுகிறது. டெயில்ஸ்டாக் பக்கம் உள்ள இரண்டு கால்களில், நீங்கள் நிற்கும் பக்கத்துக் காலின் அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வையுங்கள். பெட் பின்னோக்கிச் சாயும், டூல் ஜாபை நெருங்கும். வெளி வளையம் சின்னதாக இருந்தால் சுவர் பக்கத்துக் காலுக்கு ஷிம்.

7. இறுக்கி, மறுபடி நான்காவது படியிலிருந்து.

ஷிம்முக்கு ஃபீலர் கேஜ் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகளின் கட்டு) இலைகள் நல்லது. குளிர்பான அலுமினியக் கேனின் பக்கத் தகடு ஏறக்குறைய 0.1 மி.மீ. இருக்கும், வெட்டி வைத்துக்கொண்டால் ஆரம்பத்துக்கு உதவும். என் மெஷினில் முன்காலுக்கு 0.15 மி.மீ. வைத்ததும் 0.06 வித்தியாசம் 0.01க்கு வந்தது. வீட்டு வேலைக்கு 150 மி.மீ.க்கு 0.02க்குள் வந்தால் நிறுத்திக்கொள்ளலாம். ஒரே மாலையில் முடிக்கப் பார்க்காதீர்கள். இறுக்கிவிட்டு ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் காலையில் கடைந்தால் அளவு கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

எவ்வளவு ஷிம் வைத்தும் சரியாகவில்லை என்றால்தான் ஹெட்ஸ்டாக்கைச் சந்தேகப்பட வேண்டும்.

அதற்குப் பிறகு டெயில்ஸ்டாக்

இந்த வரிசையை மாற்றக் கூடாது. டெயில்ஸ்டாக் முட்டு இல்லாமல் கூம்பு வந்தால் பெட். முட்டுக் கொடுக்கும்போது மட்டும் வந்தால் டெயில்ஸ்டாக். 250, 300 மி.மீ. ராடை இரண்டு செண்டருக்கு (ராடை முனைகளில் தாங்கும் கூர்முனைகள்) நடுவில் வைத்து, முன்பு செய்த மாதிரியே முனைகளில் வளையம் விட்டுக் கடைந்து பாருங்கள். டெயில்ஸ்டாக் முனை பெரிதாக வந்தால் அதை உங்கள் பக்கம் நகர்த்த வேண்டும், வித்தியாசத்தில் பாதி அளவுக்கு. பக்கவாட்டுத் திருகுகளில் ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்கும்போது டயல் கேஜ் வைத்துக்கொண்டால் எவ்வளவு நகர்கிறது என்று தெரியும்.

டூல் உயரமும் வேகமும்

டூல் முனை ஜாபின் நடு உயரத்தில் நிற்க வேண்டும். மெல்லிய ஸ்டீல் ஸ்கேலை ஜாபுக்கும் டூல் முனைக்கும் நடுவில் வைத்து, மெஷின் நிற்கும்போது, லேசாக நெருக்குங்கள். ஸ்கேல் செங்குத்தாக நின்றால் சரி. மேல் முனை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது. அந்தப் பக்கம் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது.

வேகத்துக்கு ஒரு எளிய கணக்கு. எச்.எஸ்.எஸ். டூலும் எம்.எஸ். ராடும் என்றால், 8000ஐ ராடின் விட்டத்தால் (மி.மீ.) வகுங்கள். 25 மி.மீ. ராடுக்கு 320 ஆர்.பி.எம்., 50க்கு 160. வார்ப்பிரும்புக்கு இதில் முக்கால் பங்கு போதும். பித்தளைக்கு இரண்டு மடங்கு, அலுமினியத்துக்கு மூன்று மடங்கு வரை போகலாம். சுருள் நீலமாகி டூல் முனை மழுங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். கிரைண்டரில் அலுமினியத்தைத் தேய்க்காதீர்கள், கல் அடைத்துவிடும்.

உடம்பு

வேட்டி, லுங்கி, துப்பட்டா, தொங்கும் முழுக்கை எதுவும் மெஷின் பக்கம் வேண்டாம். கையில் கோயில் கயிறு கட்டியிருந்தால் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது. கையுறை போடக் கூடாது, அது சக்கில் சிக்கினால் கையையும் இழுத்துக்கொள்ளும். சக் கீயைச் சக்கிலேயே விட்டு ஒரு நொடிகூட நகராதீர்கள். கையிலிருந்து அது போக வேண்டிய ஒரே இடம் அதற்கென்று அடித்த ஆணி. கண்ணாடி போடுங்கள். இரும்புச் சுருளைக் கையால் இழுக்காமல், மெஷினை நிறுத்திக் கொக்கியால் எடுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் மெயின் சுவிட்சுக்குப் பூட்டு போடுங்கள்.

மழைக்காலம்

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூனில் வரும் காற்று ஈரத்தைச் சுமந்துதான் வருகிறது. இரவெல்லாம் குளிர்ந்து கிடக்கும் இரும்பில் காலையில் அந்த ஈரம் பனி மாதிரி படியும். இதைத் தடுக்க இரும்பைக் காற்றைவிடக் கொஞ்சம் சூடாக வைக்க வேண்டும். பெட்டுக்கு அடியில் ட்ரேக்குப் பக்கத்தில் 40 வாட் குண்டு பல்பு ஒன்று, தூசித் துணி படாத இடத்தில், ராத்திரி எரியட்டும். பிளாஸ்டிக் ஷீட்டால் இறுக்கி மூடாதீர்கள், உள்ளே வேர்த்துவிடும். எண்ணெய் தடவிய பருத்தித் துணியே நல்ல போர்வை. வேர்வைக் கையால் தொட்ட இடத்தில் மறுநாள் ரேகை ரேகையாகத் துரு தெரியும். வேலை முடிந்ததும் ஒரு முறை எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டால் வராது.

தரைக்கடியில் மண் ஈரம் குடித்து லேசாக உப்பும். அதனால் முதல் வருடம் செப்டம்பர் முடிந்ததும் அந்த இரண்டு வளைய ராடை எடுத்து மறுபடி கடைந்து அளந்து பாருங்கள். ராடைத் தூக்கிப் போடாமல் எண்ணெய் தடவி வைக்கச் சொல்வது இதற்காகத்தான். எனக்கு முதல் மழைக்குப் பிறகு 0.03 நகர்ந்திருந்தது, முன்காலில் 0.05 ஷிம் ஒன்று கூடுதலாகத் தேவைப்பட்டது. அடுத்த வருடம் 0.01. அதன் பிறகு நகரவில்லை. அளவுகளைத் தேதி போட்டு ஹெட்ஸ்டாக் கதவின் உள்பக்கம் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

நேரானதும் முதலில் எதைக் கடைவது என்று கேட்டால், தோட்டத்துப் பம்புக்கு ஒரு கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ், அதாவது ஷாஃப்ட் சுழலும் வளையம், கடைந்து பாருங்கள். உள்ளே 25 மி.மீ. ஷாஃப்ட், 0.03 மி.மீ. இடைவெளி. எண்ணெய் தொட்டு ஷாஃப்டில் போட்டால் தடையில்லாமல் மெல்ல வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும், ஆட்டிப் பார்த்தால் ஆடக் கூடாது.